சம்பாத்தியமும் சுவாதீனமும்

உழைக்கும் ஏழைப் பெண்களுக்குப் பொருளாதார சுதந்திரம் தேடித் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு புறப்படுகிறவர்கள், பெரும்பாலும் முதற் காரியமாக அவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க முற்படுகிறார்கள். தையல் இயந்திரம் வாங்கித் தருகிறார்கள், ஊறுகாய் போடவும் மெழுகுவத்தி வார்க்கவும் வகுப்பு நடத்துகிறார்கள், மூன்று மாத முடிவில் ஒரு பிரமுகரை அழைத்துச் சான்றிதழும் வழங்குகிறார்கள். ஆனால் விடிவதற்கு முன்பே கோயம்பேட்டுச் சந்தையில் பேரம் பேசிப் பூ எடுத்து வந்து இரவு எட்டு மணி வரை தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவும், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஐந்தாவதாகத் தம் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவரும், கட்டடத்தில் செங்கல் சுமக்கும் சித்தாளும், திருநெல்வேலிச் சீமையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவரும், திருப்பூர்க் கம்பெனிகளில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவரும் தொழில் தெரியாதவர்கள் அல்லர். வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்களும் அல்லர். இருபது, முப்பது வருஷங்களாக இடைவிடாது சம்பாதித்து வந்தும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கடன் கேட்டு நிற்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன என்று விசாரிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அவர்களுடைய சம்பாத்தியம் அவர்களுடைய சுவாதீனத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆகவே, சம்பாத்தியத்தைப் பெருக்குவதற்கு முன்னால், இப்போது வருகிற பணம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்து அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் முறையைச் சொல்லுகிறேன்.

இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தொடங்குகிறவர்கள் முதல் மாதத்தில் யாதோர் உதவியும் செய்ய வேண்டாம். கணக்கு மட்டும் கேட்டால் போதும். கணக்குக் கேட்பதற்கும் நேரம், இடம், பாஷை எல்லாம் உண்டு. வீட்டு வேலை செய்கிறவர்களை மதியம் இரண்டு மணிக்கு மேலும், இட்லிக் கடை போடுகிறவர்களைக் காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகும், பூக்காரர்களைப் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாமும் நாரைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டும் சந்திக்க வேண்டும். மாமியார், அண்டை வீட்டார், புருஷன் ஆகியோர் முன்னிலையில் பணத்தைப் பற்றிக் கேட்பது அந்தப் பெண்ணைச் சங்கடத்தில் மாட்டி வைப்பதாகும். “மாதம் எவ்வளவு வருமானம்?” என்று கேட்டால், ஒருவேளை சலுகை எதுவும் கிடைக்குமோ என்று குறைத்துச் சொல்வார்கள், அல்லது கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்வார்கள், உண்மையாகவே பலருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனெனில் அவர்களுக்குப் பணம் மாதக் கணக்கில் வருவதில்லை. “நேத்து காலையில எவ்வளவுக்குச் சரக்கு எடுத்தீங்க அக்கா? ராத்திரி கையில எவ்வளவு நின்னுச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், ரூபாய் சுத்தமாகப் பதில் வரும். பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ இருந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டில் வந்தது, சரக்குக்குப் போட்டது, வீட்டுக்குப் போனது, கடனுக்குப் போனது என்று நான்கு பத்தி கோடு போட்டுக் கொடுத்து, அந்தப் பிள்ளையைக் கணக்கப்பிள்ளையாக நியமித்துவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்க்கிறவர்களுக்கு நான்காவது பத்தி பெரும்பாலும் ஆச்சரியத்தைத் தரும். சென்னையில் தண்டல் என்று வழங்கும் தினசரிக் கடனை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க்குத் தண்டல் வாங்கினால், வட்டி 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார்கள். அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பிடித்தம் ஆளுக்கு ஆள், பேட்டைக்குப் பேட்டை கொஞ்சம் மாறலாம். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். கொடுக்கிறவரும் அவ்வாறே சொல்லுகிறார். ஆனால் அந்த 8,500 ரூபாய் முழுவதும் நூறு நாளும் அவர்கள் கையில் இருப்பதில்லை. மறுநாள் முதலே அது கரைந்துகொண்டு வருகிறது; பாதி நாள் கழியும்போது கையில் இருக்கும் கடன் ஏறக்குறையப் பாதிதான். அந்தக் குறையும் முதலுக்கு வட்டி கணக்குப் போட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ரூபாய், அதாவது ஊரில் பேசும் கணக்கில் பத்து வட்டி ஆகிறது. பத்து வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று ஒருவர் நேராகச் சொன்னால் எந்தப் பெண்ணும் யோசிப்பார். தினம் நூறு ரூபாய் என்று சொல்வதனால் அது பாரமாகத் தோன்றுவதில்லை. ஆண்டுக்கு மூன்று தண்டல் எடுக்கிறவர் 4,500 ரூபாயை வட்டியாகவே கொடுத்து விடுகிறார். அவர் வாங்கிய முதலில் பாதிக்கும் மேல் அது.

இவ்விடத்தில் உதவி செய்கிறவர் உபதேசத்தில் இறங்காமல், வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். நூறு நாள் தவறாமல் நூறு ரூபாய் கட்ட முடிந்த ஒருவருக்கு, நூற்றோராவது நாள் மறுபடியும் கடன் ஏன் வேண்டியிருக்கிறது? வாங்கிய பணத்தைச் சரக்கில் போட்டிருந்தால் அந்தச் சரக்கின் முதல் கையில் இருக்க வேண்டுமே? நோட்டைப் புரட்டினால் விடை தெரியும்: தொழிலுக்கு என்று வாங்கிய பணத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும், வீட்டு அட்வான்ஸுக்கும், ஆஸ்பத்திரிக்கும், நாத்தனார் வீட்டுச் சீருக்கும் போயிருக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை; அவையெல்லாம் அவசியமான செலவுகள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தினம் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் சக்தி அந்தப் பெண்ணுக்கு ஆதியிலிருந்தே இருந்திருக்கிறது. அந்த நூறு ரூபாயைச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்து, மழையானாலும் வெயிலானாலும் தவறாமல் வாங்கிக்கொண்டு போக அவருக்கு வேண்டியவர் ஒருவர்கூட இல்லை. தண்டல்காரர் ஒருவர்தான் வருகிறார். தண்டல்காரரை நிந்திப்பவர்கள் அவரிடம் உள்ள இந்த ஒரு குணத்தைக் கற்றுக்கொண்டால் பாதிக் காரியம் முடிந்துவிடும்.

கற்றுக்கொண்டவர்களும் உண்டு. தென் கன்னடத்தில் உடுப்பியில் தொடங்கிய சிண்டிகேட் வங்கி 1928-ஆம் ஆண்டிலேயே பிக்மி டெபாசிட் என்று ஒரு திட்டம் ஏற்படுத்தி, வீடு வீடாக, கடை கடையாக ஏஜெண்டுகளை அனுப்பித் தினம் இரண்டணா முதல் வசூலித்து வந்தது. சிறு வியாபாரிகளையும் கூலிக்காரர்களையும் வங்கிக்குள் கொண்டுவந்தது அந்த இரண்டணாதான். தபாலாபீஸ் தொடர் வைப்புக்கு இன்றும் மகளிர் முகவர்கள் வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப் போகிறார்கள். உங்கள் பேட்டையில் அப்படி ஒருவரும் இல்லையானால், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்தே நம்பிக்கையான ஒரு பெண்ணைத் தேர்ந்து, கையெழுத்துப் போடும் அட்டையோடு சாயங்காலம் சுற்றி வரச் சொல்லி, அவருக்கு அதற்கென்று ஒரு சிறு தொகை கொடுங்கள். வசூலான பணம் மறுநாள் காலை வங்கியில் விழுந்துவிட வேண்டும். தண்டல் முடிகிற நாளுக்கு மறுநாளே, ஒரு நாளும் இடைவெளி விடாமல், அதே நூறு ரூபாயை அந்த அட்டையில் கட்டத் தொடங்கினால் 85 நாளில் 8,500 ரூபாய் சொந்த முதல் சேர்ந்துவிடும். இடையில் ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் காரியம் கெட்டது. அந்தப் பணத்துக்கு வேறு செலவு வந்துவிடும்.

தண்டல், தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. மிரட்டலும் அவமானமும் நேரும்போது அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கத் தயங்கக் கூடாது. ஆயினும், பகல் முழுதும் சட்டம் பேசிவிட்டு மாலையில் தம் வீட்டுக்குப் போய்விடுகிற உதவியாளர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது ஜாமீன் கேட்காமல் இரண்டாயிரம் ரூபாய் எடுத்துத் தருகிறவர் அந்த வட்டிக்காரரே. அந்த இரவுக்கு வேறு மார்க்கம் காட்டாமல் அவரை விரட்டினால், பெண்கள் நம்மைத்தான் விரட்டுவார்கள். ஆகையால் குழுவின் பணத்தில் ஒரு சிறு பகுதி ரொக்கமாக, எந்த நேரத்திலும் கதவைத் தட்டி வாங்கக்கூடிய ஒருவரிடம் இருக்கும்படி ஏற்பாடு செய்த பிறகே வட்டிக்கடனை முறிக்கும் பேச்சை எடுப்பது உசிதம். கடன்களை அடைக்கும் வரிசையும் முக்கியம்: தொகை பெரிதாக இருப்பதை விட்டுவிட்டு, வட்டி கடுமையாக இருப்பதை முதலில் அடைக்க வேண்டும். அடகுக்கடையில் மூழ்கப்போகும் நகையை மீட்டுக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடனாக மாற்றி வைப்பதே பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான லாபத்தைத் தரும்.

வாரக் கட்டுக்குப் பணம் தரும் கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பெண் நான்கு கம்பெனியில் வாங்கி, ஒன்றை வாங்கி ஒன்றைக் கட்டி, திங்கட்கிழமை சென்டர் கூட்டத்துக்குப் போகப் பயந்து ஒளிவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சகஜமாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் இத்தகைய கடன்களில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் வாங்கக் கூடாது. இந்த இரண்டு விஷயத்தையும் பெண்களுக்குப் பாடம் போலச் சொல்லிவைக்க வேண்டும். ஏலச்சீட்டையும் தீபாவளிச் சீட்டையும் பற்றிப் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள்; எனக்கு அவ்வளவு விரோதம் இல்லை. பிறர் பார்க்கிறார்கள் என்ற நிர்ப்பந்தத்தால் பணம் சேரும் முறை அது. பதிவு செய்யப்படாத சீட்டில் ஒரு மாத வருமானத்துக்கு மேல் சிக்க வைக்க வேண்டாம் என்று மட்டும் எச்சரித்தால் போதும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இன்று அநேகமாக எல்லாப் பெண்களிடமும் பாஸ் புத்தகம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் சொந்தக் கணக்கில் விழத் தொடங்கிய பிறகு, முன்பு இல்லாதவர்களும் தொடங்கிக்கொண்டார்கள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஏடிஎம் அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? கணக்கோடு இணைத்த தொலைபேசி எண் யாருடையது? மகனுடைய கைப்பேசிக்கு ஓடிபி வருகிற கணக்கு மகனுடைய கணக்குத்தான், பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தாயாரின் படம் ஒட்டியிருந்தபோதிலும். ஒரு சாதாரணக் கைப்பேசியும் சொந்த எண்ணும் வாங்கி, அதை வங்கியில் இணைத்து, அந்தப் பெண் தாமே இயந்திரத்தில் நின்று ஐந்நூறு ரூபாய் எடுக்கும் வரை கூட இருங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக அது இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையேல் அபராதம் என்று வங்கியே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அகமதாபாத்தில் எலா பட் அம்மையாரின் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 1974-இல் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு, நாலாயிரம் பேர் சேர்ந்து தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி கண்டபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று ஆட்சேபணை எழுந்தது. அமைப்பாளர்கள் இரவோடிரவாக உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்களுக்காகக் கணக்கு எண்ணைச் சிலேட்டில் எழுதிப் பிடித்தபடி படம் எடுத்துப் பாஸ் புத்தகத்தில் ஒட்டினார்கள். எழுத்தறிவு வந்த பிறகு சேமிப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி, எந்தத் திட்ட அறிக்கையிலும் அதிகமாகக் காணப்படாத ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணின் வருமானம் உயர உயர, அதே வீட்டில் ஆணின் பங்கு குறைந்துகொண்டு வருவதைப் பல குடும்பங்களில் பிரத்தியட்சமாகக் காணலாம். முன்பு வாரத்துக்கு ஆயிரம் ரூபாய் வீட்டில் கொடுத்து வந்தவர், மனைவிக்குக் குழுக்கடன் கிடைத்து இட்லிக் கடை நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஐந்நூறு கொடுக்கிறார். பிறகு கேட்டால் கொடுக்கிறார். பிறகு கேட்டாலும் “நீதான் சம்பாதிக்கிறியே” என்கிறார். மிச்சப் பணம் டாஸ்மாக் கடைக்குத்தான் போகிறது என்று எல்லாரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். சிலர் தம் தாயாருக்கு அனுப்புகிறார்கள், சிலர் வண்டிக்குத் தவணை கட்டுகிறார்கள். எப்படியாயினும், பெண் இருமடங்கு உழைத்து, வீட்டின் மொத்த வரவு முன்போலவே நின்றுவிடுகிறது. நமது உதவி அப்போது அந்தப் பெண்ணுக்குச் சேராமல் அவர் புருஷனுக்குச் சேர்ந்ததாகிறது. இதற்கு நான் கண்ட உபாயம் ஒன்றே: வருமானம் உயர்வதற்கு முன்பே செலவைப் பிரித்து வைத்துவிட வேண்டும். வீட்டு வாடகையும் அரிசியும் அவர் பொறுப்பு, பள்ளிக்கூடமும் காய்கறியும் இவர் பொறுப்பு என்று, பொருள் பொருளாகப் பிரிக்க வேண்டும். ரூபாய்க் கணக்கில் பிரித்தால் அது தேயும். வாடகை தேயாது, ஏனென்றால் வீட்டுக்காரர் ஆணிடம்தான் வந்து நிற்பார். இந்தப் பேச்சை உதவியாளர் நடத்தக் கூடாது. அந்தப் பெண்ணின் தமையனோ, புருஷனின் பெரியம்மாவோ, அவர் மதிக்கும் மேஸ்திரியோ நடத்தினால் சண்டையில் முடியாது.

குழு அமைப்பதைப் பற்றித் தனி நூல்கள் இருப்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்லுகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் ஏற்பட்டது. சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1992 முதல் நபார்டு வங்கி அக்குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்க முற்பட்டது. ஒழுங்காகக் கூடுதல், ஒழுங்காகச் சேமித்தல், உள்ளுக்குள் கடன் கொடுத்தல், தவறாமல் திருப்புதல், கணக்கு எழுதுதல் என்று ஐந்து விதிகளை அந்தக் காலத்தில் கண்டிப்பாகப் போதித்தார்கள். இன்று பல குழுக்களில் வங்கிக் கடன் வந்த அன்று கூடுவதும், அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கலைவதுமே நடக்கிறது. பத்து வருஷமாக ஒருவரே தலைவியாக இருக்கும் குழுவையும், கணக்குப் புத்தகம் தலைவியின் பீரோவில் பூட்டிக் கிடக்கும் குழுவையும் கண்டால், அதில் புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம்.

சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பின் வரலாறு இவ்விஷயத்தில் படிக்கத் தக்கது. ஏழைகளுக்கு ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் 1972 முதலே தேசிய வங்கிகளின் ஏட்டில் இருந்தது. ஆனால் நடைபாதையில் கீரை விற்கும் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்து போனாலும் காவலாளியைத் தாண்ட முடியாது. காங்கிரஸ் கட்சிப் பணியில் அனுபவம் பெற்றிருந்த அந்த அம்மையார், ஒரே தெருவிலும் ஒரே தொழிலிலும் இருக்கும் பெண்களைச் சிறு கூட்டங்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிறுத்தி, அந்தக் கடனை வாங்கித் தந்தார். பெண்கள் ஒழுங்காகத் திருப்பினார்கள். வங்கிகளோ ஒழுங்காகத் தாமதித்தன. மனு, மறு மனு, மேலாளர் விடுப்பு என்று நாட்கள் ஓடவே, 1981-இல் தங்களுக்கே சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். இடைத்தரகராக இருந்து கடன் வாங்கித் தருவதில் ஸ்தாபனங்கள் திருப்தி அடைந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தொழில் விஷயத்துக்கு வருவோம். ஒருவர் பதினைந்து வருஷமாகச் செய்து வரும் தொழிலை விட்டுவிட்டுப் புதுத் தொழிலில் இறக்குவதைக் காட்டிலும், அதே தொழிலில் ஒரு படி ஏற்றுவது எப்போதும் நல்லது. பூக்காரருக்குத் தையல் சொல்லித்தர வேண்டாம். முகூர்த்த நாட்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நாட்களுக்கு முன்பு அவர் கையில் கூடுதல் ரொக்கம் இருக்கும்படி செய்யுங்கள். முதலில்லாதவர் மண்டியில் கடனுக்குச் சரக்கு எடுத்தால் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. ரொக்கம் உள்ளவர் நான்கு கடை பார்த்து வாங்குவார். நாலைந்து பேர் சேர்ந்து மூட்டையாக எடுத்துப் பகிர்ந்துகொண்டால் ஆட்டோக் கூலியும் பகிர்ந்து போகும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகராட்சியிலிருந்து விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற உரிமை உண்டு. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால் 2020-இல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தின் கடனுக்கும் வழி பிறக்கும். பத்தாயிரமாக இருந்த அதன் முதல் தவணை இப்போது பதினைந்தாயிரம். பீடி சுற்றுகிறவர் ஒருவரைச் சந்தித்தால், அவர் கொடுக்கும் பீடி யார் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தில் ஏறுகிறது என்று கேளுங்கள். வேறொருத்தி பெயரில் சுற்றுகிறவருக்குக் கூலி மட்டும் கிடைக்கும்; வருங்கால வைப்பு நிதி அந்த வேறொருத்திக்குப் போய்ச் சேரும். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்கள் வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல், பழைய எண்ணையே புதிய கம்பெனியில் கொடுக்கும்படி சொல்லுங்கள்.

கூலி பிறர் கையில் தங்குவதன் விபரீதத்துக்குக் கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் வழங்கிய சுமங்கலித் திட்டத்தைக் காட்டலாம். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று கிராமத்துக் கன்னிப் பெண்களைச் சேர்த்தார்கள். உடம்பு முடியாமல் இடையில் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. பெயர் மங்களகரமாக இருக்கிறதே என்று பெற்றோர்கள் நம்பினார்கள். மாதா மாதம் கைக்கு வராத கூலியை, எவ்வளவு பெரிய தொகையாகச் சொன்னாலும், கூலியாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்கு உதவும். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு விபத்துக்கு இரண்டு லட்சமும், 436 ரூபாய் பிடித்துக்கொண்டு ஆயுளுக்கு இரண்டு லட்சமும் தரும் காப்பீடுகள் இருக்கின்றன. இவற்றைப் பதிவு செய்வது அரை நாள் வேலை.

சொத்து விஷயம் அப்படி அரை நாளில் முடிவதில்லை. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989-ஆம் ஆண்டின் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றிருந்த குறையை 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நீக்கியது. தகப்பனார் 2005-க்கு முன் காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை கெடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், நடைமுறையில் தகப்பனார் காரியம் முடிந்த சில மாதங்களுக்குள் சகோதரிகளை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தாய்வீட்டு வாசல் அடைந்துவிடக் கூடாது, பொங்கலுக்கு வரிசை வர வேண்டும், நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அண்ணன் வந்து நிற்க வேண்டும் என்ற எண்ணத்தால் அவர்களும் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழைப் பெண்ணுக்குத் தமையன் என்பவன் ஒரு காப்புறுதி. கோர்ட்டுக்குப் போகும்படி யாரையும் தூண்ட வேண்டாம். ஆனால் பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்து இடுவதில்லை என்ற ஒரு பிடிவாதத்தை மட்டும் கற்பியுங்கள். அதன் மதிப்பு தெரிந்த பிறகு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிறவர் கொடுக்கட்டும். சிலர் ஒரு சென்ட் மனையையாவது கேட்டு வாங்குவார்கள். புதிதாக மனையோ வீடோ வாங்குகிறவர்களுக்கு, பத்து லட்சம் மதிப்புக்கு உட்பட்டதைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை இருக்கிறது. பெண் பெயரில் எழுதலாமே என்ற பேச்சை வீட்டில் தொடங்குவதற்கு அது ஒரு நல்ல சாக்கு.

இவ்வளவையும் ஒரே குடும்பத்தில் ஒரே சமயத்தில் செய்யப் புகுந்தால் ஒன்றும் நிலைக்காது. முதல் ஆறு மாதம் கணக்கும் தண்டலும். அடுத்த ஆறு மாதம் சொந்த எண்ணோடு கூடிய வங்கிக் கணக்கும் செலவுப் பிரிவினையும். அதன்பின் தொழிலில் ஒரு படி. சொத்துப் பேச்சு சமயம் வாய்க்கும்போது. இரண்டு ஆண்டு கழித்தும் ஒரு பெண் வங்கிக்கு உங்களைத் துணைக்கு அழைத்தால், அந்தக் குறை உங்கள் முறையில் இருக்கிறது. அடுத்த தெருவில் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நூலை வாசிப்பவர்களில் பலர் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருப்பவர்களாக இருக்கக்கூடும். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் ஒரு நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், முதுமைக் காலம் ஆகியவற்றுக்கு அது உதவி தருகிறது. வேறு தெருக்களுக்குப் போவதற்கு முன், நாளைக் காலை அந்த அம்மாள் வரும்போது வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதற்கு வேண்டிய அரை நாள் விடுப்பைச் சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள்.